ஒரே செடி, மூன்று சரக்கு



நான் பீர்க்கன்கரணையில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவன். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அப்பாவின் கடையில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன். 45 வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டது. பருப்பு விலை, புளி வரத்து, வரிக் கணக்கு என்று நான் எழுதினால் யாரும் ஆச்சரியப்பட மாட்டீர்கள். இந்த மாதம் கஞ்சாவைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மகனே முகத்தைச் சுளித்தான். "நமக்கு எதுக்குப்பா அந்தப் பேச்சு?" என்றான். கடைசி வரை படித்துவிட்டு, இது நமக்கு வேண்டிய பேச்சா இல்லையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

போன ஆடி மாதம் ஒரே வாரத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன.

என்னிடம் பதினைந்து வருடமாகச் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர். சாலையோரத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடை. பாக்கி என்று ஒரு நாள் தலைகுனிந்து நின்றதில்லை. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பரில் திறந்த பிறகு, ஊருக்குப் போகிறவர்கள் பையும் பெட்டியுமாக நம் பக்கம் நடமாடுவது அதிகமாகிவிட்டது. அவர் கடையில் அடிக்கடி பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டிலும் வாங்கும் ஒரு பையன், "அண்ணாச்சி, இந்தப் பை இங்க இருக்கட்டும், சாயங்காலம் எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். இவரும் "அந்த உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால வை" என்று சொல்லிவிட்டுக் கணக்கில் மூழ்கிவிட்டார். சாயங்காலம் பையன் வரவில்லை. அதிகாரிகள் வந்தார்கள். பைக்குள் பொட்டலம் பொட்டலமாகக் கஞ்சா. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

மனுஷரைக் கூட்டிப் போய்விட்டார்கள். கடைக்குச் சீல். உள்ளே தக்காளிக் கூடையும் தயிர் பாக்கெட்டும் அழுகி, வாடை தெருவுக்கே வந்தது. 23 நாள் கழித்து, எதிர்ப்பக்கத்து மருந்துக் கடைக் கேமராவில் பையன் பையைக் கொடுப்பது பதிவாகியிருந்ததைக் காட்டித்தான் சீல் உடைந்தது. வழக்கிலிருந்து பெயர் நீங்க இன்னும் வக்கீல் வீட்டுக்கு நடக்கிறார். அந்த நாட்களில் அவர் சம்சாரம் என் குடோன் வாசலில் வந்து நின்று, "அண்ணாச்சி, பில் பாக்கியை மட்டும் ஒரு மாசம் பொறுத்துக்கணும்" என்று சொன்னபோது என்னால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரண்டாவது காரியம் அதே வாரம். டை கட்டிய இளைஞர் ஒருவர் அழகான பாக்கெட்டுகளோடு வந்தார். "ஐயா, சணல் விதை. புரதச் சத்து நிறைய. ஜிம்முக்குப் போகிற பிள்ளைகள் தேடி வாங்குகிறார்கள். நல்ல மார்ஜின்" என்றார். என் மகன் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு என் காதருகே, "அப்பா, இது கஞ்சாச் செடியோட விதை" என்றான். இளைஞரோ, "சட்டப்படி அனுமதி உள்ளது ஐயா" என்று ஒரு காகிதத்தை நீட்டினார்.

ஒரே செடி. ஒரு கடைக்காரர் அதற்காகக் காவலில் இருக்கிறார். இன்னொருவர் அதை மார்ஜின் போட்டு என்னிடம் விற்க வருகிறார். எனக்குத் தலை சுற்றியது. அன்றிலிருந்து தெரிந்த வக்கீலிடமும் பழைய புத்தகங்களிலும் கேட்டுப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெயரில் தொடங்கும் குழப்பம்

முதலில் சணல் என்ற பெயரைப் பார்ப்போம். நம் குடோனில் அரிசி வரும் சாக்கு, பொட்டலம் கட்டும் சணல் நூல் எல்லாம் வங்காளப் பக்கம் விளையும் சணல் செடியின் நார். அது கஞ்சாவுக்கு உறவே இல்லாத வேறு செடி. நம் ஊர் விவசாயிகள் நெல்லுக்கு முன்னால் பசுந்தாள் உரமாக மடக்கி உழும் சணப்பு இன்னொரு செடி. அதிலும் நல்ல நார் உண்டு. வெள்ளைக்காரர்கள் அதற்கு மெட்ராஸ் ஹெம்ப் என்று நம் ஊர்ப் பெயரையே வைத்து வாங்கிப் போனார்கள். நாம் ஆய்ந்து கடையும் புளிச்சைக் கீரை இனத்திலும் நார் எடுக்கும் செடி உண்டு. அதன் இலை கஞ்சா இலை போல விரல் விரலாகப் பிரிந்திருக்கும். மணிலா கயிறு வாழை இனம், சைசல் கயிறு கற்றாழை இனம். முறுக்கினால் கயிறாகும் எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் ஹெம்ப் என்று ஒரே பெயரில் அழைத்தான். ஆனால் அந்தப் பெயருக்கு முதல் சொந்தக்காரச் செடி கஞ்சாதான்.

அந்த ஒரு செடியில் மூன்று சரக்கு இருக்கிறது. தண்டில் நார். காயில் விதை. பெண் செடியின் பூங்கொத்தில் போதை. பூவிலிருந்து வருவதுதான் கஞ்சா. மூன்றுக்கும் வேறு வேறு சந்தை, வேறு வேறு சட்டம், வேறு வேறு தண்டனை. இது தெரியாமல் இருப்பதுதான் நம் போன்றவர்களுக்கு ஆபத்து.

நாரின் கதை

அமெரிக்காவில் கென்டக்கி என்று ஒரு மாநிலம். 1775ஆம் ஆண்டிலிருந்தே அங்கே இந்தச் செடியை நாருக்காகப் பயிரிட்டார்கள். தெற்கு மாநிலங்களில் விளைந்த பருத்தியைப் பேல் கட்டும் துணியும் கயிறும் கென்டக்கியில்தான் தயாராயின. 1861 முதல் 1865 வரை அங்கே உள்நாட்டுப் போர். அதற்குப் பிறகு அந்தத் தொழில் சரிந்துபோனதற்கு ஒரு முக்கியக் காரணம் நம் நாட்டுச் சரக்கு. கல்கத்தாவிலிருந்து கப்பலேறிய சணல், விலையில் குறைவு. பேலைச் சுற்றி இரும்புப் பட்டை போடும் வழக்கமும் வந்தது. கென்டக்கி விவசாயி போட்டியில் தோற்றான். போதைக்கும் அவன் தோல்விக்கும் சம்பந்தமே இல்லை. மலிவுச் சரக்கு வந்தது, பழைய சரக்கு போனது. இந்தக் கதையை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

1937இல் அமெரிக்க அரசு கஞ்சாவுக்கு ஒரு வரிச் சட்டம் போட்டது. வரி என்று பேர், நோக்கம் ஒழிப்பது. பூவுக்குப் போட்ட தடையில் நாரும் மாட்டிக்கொண்டது. ஐந்தே வருடத்தில் இரண்டாம் உலகப் போர். பிலிப்பைன்ஸ் ஜப்பான் கைக்குப் போனதும் மணிலா கயிறு வரவில்லை. கப்பலுக்குக் கயிறு வேண்டுமே! அதே அரசு 1942இல், வெற்றிக்காக ஹெம்ப் பயிரிடுங்கள் என்று விவசாயிகளுக்குப் படமெடுத்துக் காட்டியது. போர் முடிந்தது, மறுபடி கதவை மூடினார்கள். 2014இல் சோதனை முறையில் கென்டக்கியில் மறுபடி விதைத்தார்கள். போதைச் சத்து 0.3 சதவீதத்துக்குள் இருந்தால் அது வெறும் விவசாயப் பயிர் என்று 2018இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. தங்கச் சுரங்கம் கிடைத்தது போல எல்லோரும் விதைத்தார்கள், பெரும்பாலும் அதன் எண்ணெய்ச் சாற்றுக்காக. 2019க்குப் பிறகு வாங்க ஆளில்லாமல் விலை விழுந்தது. கடன் வாங்கிப் பயிரிட்டவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

அரசாங்கம் ஒரே செடியை ஒழிக்கவும் சொல்லும், வளர்க்கவும் சொல்லும். இரண்டு தடவையும் நஷ்டம் நடுவில் நிற்பவனுக்குத்தான்.

பூவின் கதை

இனி நம் நாட்டுக்கு வருவோம். இன்று கஞ்சா என்றால் போலீஸ் ஞாபகம் வருகிறது. நூறு வருடத்துக்கு முன்னால் கஞ்சா என்றால் கலெக்டர் ஆபீஸ் ஏலம்தான் ஞாபகம் வரும். என் தாத்தா சிறு வயதில் கடைப் பையனாக இருந்த தெருவிலேயே உரிமம் பெற்ற கஞ்சாக் கடை இருந்ததாம். நம்பர் போட்ட பலகை, எடைக்கல், கணக்குப் புத்தகம் எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்று சொல்லுவார். மளிகைக் கடையைவிட அந்தக் கடைக்கு அதிகாரிகள் அதிக மரியாதை கொடுப்பார்களாம். காரணம், அது வருமானம் கொடுக்கும் கடை.

கும்பினி ஆட்சி வங்காளத்தில் 1793ஆம் ஆண்டிலேயே உரிமம் இல்லாமல் கஞ்சா விற்கக் கூடாது என்று விதி போட்டது. நம் சென்னை மாகாணத்தில் 1886ஆம் ஆண்டு ஆப்காரிச் சட்டத்தில் கள், சாராயத்தோடு கஞ்சாவும் சேர்ந்தது. இன்றைய ஆந்திராவில் பாபட்லா பக்கத்துச் சந்தராவூரிலும் நம் ஜவ்வாது மலையிலும் அந்தக் காலத்தில் இந்தப் பயிர் உண்டு. வங்காளத்தில் இராஜசாகி மாவட்டத்து நவகாவில் கஞ்சா விவசாயிகள் 1917இல் கூட்டுறவுச் சங்கமே அமைத்தார்கள். அந்த ஊர் இன்று வங்கதேசத்தில் இருக்கிறது.

1893இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. இந்தியாவில் ஜனங்கள் கஞ்சாவால் பைத்தியமாகிறார்கள், நீங்கள் அதில் வரி வசூலிக்கிறீர்களே என்று. அதன்மேல் ஒரு கமிஷன் போட்டார்கள். மேக்வொர்த் யங் என்பவர் தலைவர். நம் நாட்டார் மூவரும் உறுப்பினர்கள். மாகாணம் மாகாணமாகச் சுற்றி 1,193 சாட்சிகளிடம் கேட்டு, 1894இல் அறிக்கை கொடுத்தார்கள்.

அந்த அறிக்கையில் என் மனதில் தைத்தது பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் பதிவேடு பற்றிய பகுதி. பல பேருக்கு எதிரே நோய்க்குக் காரணம் கஞ்சா என்று எழுதியிருந்தது. கமிஷன் ஒவ்வொரு கேஸாக வேரைத் தேடிப் போனது. பல கேஸ்களில் ஆதாரமே இல்லை. நோயாளியைக் கொண்டுவந்து விடும் போலீஸ்காரர் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். காரணம் தெரியாதபோது கைக்கு வந்த சொல் கஞ்சா. எழுதிவிட்டார். அடுத்து வந்தவர்கள் அதையே பிரதி எடுத்தார்கள்.

என் சில்லறைக் கடைக்காரரின் கதையும் அதுதானே? பை யாருடையது என்ற கட்டத்தில் முதலில் கைக்கு வந்த பெயர் அவர் பெயர். எழுதிவிட்டார்கள். பனைமரத்தடியில் நின்று பால் குடித்தாலும் கள் என்பார்கள். அந்தப் பால் செம்பைக் காட்ட ஒரு கேமரா இல்லாமல் போயிருந்தால் அவர் கதி என்ன?

அளவோடு பழகுகிறவருக்குப் பெரிய கெடுதல் தெரியவில்லை, அளவு மீறினால் கெடுதல் உண்டு, முழுத் தடை வேண்டாம், வரியை ஏற்று, பயிரிடும் இடத்தையும் கடை எண்ணிக்கையையும் ஒருவர் கையில் வைத்திருக்கும் அளவையும் குறை என்று கமிஷன் முடிவு சொன்னது. சர்க்காரும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டது. வருமானத்துக்கு வருமானம், பேருக்குக் கட்டுப்பாடு.

கடை மூடியது, வரி வந்தது

1937இல் இராஜாஜி சென்னை மாகாண முதல் மந்திரியானார். அந்த வருடம் அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு. அந்தச் சட்டம் மதுவோடு கஞ்சா போன்ற போதைச் சரக்குகளையும் சேர்த்தே தடுத்தது. 1948இல் அது மாகாணம் முழுவதற்கும் வந்தது. நல்ல காரியம்தான். கூலிக்காரன் வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஆனால் ஆப்காரி வருமானம் போன ஓட்டையை அடைக்க வேண்டுமே. 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே அப்படி ஒரு பொது விற்பனை வரி முதலில் வந்தது நம் மாகாணத்தில்தான். நாம் பார்த்த விற்பனை வரி, பிறகு வந்த வாட், 2017இல் வந்த ஜி.எஸ்.டி. எல்லாவற்றுக்கும் நம் மாகாணத்தில் மூத்த அண்ணன் அதுதான். கள்ளுக்கடையும் கஞ்சாக் கடையும் கட்டிவந்த பணத்தை அன்றிலிருந்து மளிகைக் கடைக் கல்லா வழியாக வசூல் செய்தார்கள். கஞ்சாவின் சரித்திரத்துக்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட என் மகனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். நம் வரிப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அந்தச் சம்பந்தம் இருக்கிறது.

இன்றைய சட்டம்

1961இல் ஐ.நா. சபையின் போதைப்பொருள் ஒப்பந்தம் வந்தது. மருத்துவத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தவிர மற்றக் கஞ்சாப் பழக்கத்தை 25 வருடத்தில் நிறுத்த வேண்டும் என்பது அதில் ஒரு ஷரத்து. அந்தத் தவணை நெருங்கும்போது மத்திய அரசு 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அது அந்த வருடம் நவம்பர் 14 முதல் அமலுக்கு வந்தது. நம் எல்லோருடைய கடைக்கும் பொருந்தும் சட்டம் அது. வக்கீல் எனக்குப் புரிய வைத்ததை, புரிந்த மட்டும் சொல்கிறேன்.

கஞ்சா என்றால் பூக்கும், காய்க்கும் நுனிக்கொத்து என்று சட்டம் சொல்கிறது. அந்த நுனிக்கொத்தோடு சேராமல் தனியாக இருந்தால் விதையும் இலையும் அந்த வரையறைக்குள் வராது. அதனால்தான் உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கம் இலையை அரைத்து பாங் என்று உரிமம் பெற்ற கடையில் விற்கிறார்கள். நம் மாநிலத்தில் அப்படிப்பட்ட கடைக்கு இடமில்லை. வடக்கே விற்கிறார்களே என்று இங்கே யாரும் இலையைத் தொட்டுவிடாதீர்கள்.

தண்டனை அளவைப் பொறுத்தது. 1 கிலோ வரை சிறு அளவு. அதற்கு ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1 கிலோவுக்கு மேல் 20 கிலோ வரை என்றால் பத்து வருடம் வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும். 20 கிலோவைத் தாண்டினால் பத்து வருடத்துக்குக் குறையாமல் இருபது வருடம் வரை. இந்தக் கடைசி அளவுக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் 'வணிக அளவு'. நம் குலப் பெயரை எதற்குக் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள்!

நமக்கு முக்கியமானவை இன்னும் நாலு பிரிவுகள். 25ஆவது பிரிவின்படி, தன் கடையையோ குடோனையோ வண்டியையோ இந்தக் குற்றத்துக்குத் தெரிந்தே பயன்படுத்த விட்டவருக்கும் குற்றவாளிக்கு உள்ள அதே தண்டனை. 'தெரிந்தே' என்ற சொல் இருக்கிறதே என்று ஆறுதல் அடையாதீர்கள். 35ஆவது பிரிவு, அவருக்குத் தெரிந்துதான் நடந்தது என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும், தெரியாது என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு என்கிறது. 54ஆவது பிரிவும் அப்படியே. சரக்கு கையில் இருந்தால் அதற்குத் திருப்தியான விளக்கம் சொல்ல வேண்டியவர் வைத்திருந்தவர். 60ஆவது பிரிவு, சரக்கு ஏற்றிய வண்டியையே பறிமுதல் செய்ய வழி வைத்திருக்கிறது. தனக்குத் தெரியாமல் நடந்தது, போதிய முன்னெச்சரிக்கை எடுத்திருந்தேன் என்று வண்டிக்காரர்தான் காட்ட வேண்டும். வாடகை லாரியில் சரக்கு எடுக்கும் நாமும், லாரி வைத்திருக்கும் நம் அங்கத்தினர்களும் இதை மனப்பாடம் செய்ய வேண்டும்.

விதைக்கு வந்த அனுமதி

அதே சட்டத்தின் 14ஆவது பிரிவு, நாருக்கும் விதைக்கும் மட்டும் இந்தச் செடியைப் பயிரிட அரசு அனுமதிக்கலாம் என்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு உத்தரகாண்ட் மாநிலம் 2018இல் முதல் உரிமம் கொடுத்தது. அந்த மலைநாட்டு ஜனங்கள் நெடுங்காலமாக இந்த விதையைத் துவையல் அரைத்துச் சாப்பிடுகிறவர்கள்.

2021 நவம்பரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், இந்த விதை, விதை எண்ணெய், விதை மாவு மூன்றையும் உணவாக விற்கலாம் என்று அறிவித்தது. நிபந்தனைகள் உண்டு. விதை முளைக்காததாக இருக்க வேண்டும். போதைச் சத்து விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, எண்ணெயில் 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. லேபிளில் விதையைத் தவிர அந்தச் செடியின் இலை, பூ எந்தப் படமும் போடக் கூடாது. போதை தரும் என்ற சாடையும் கூடாது. ஆகவே டை கட்டி வந்த இளைஞர் பொய் சொல்லவில்லை. ஆனால் முழுவதையும் சொல்லவில்லை. இலைப் படம் போட்ட பாக்கெட்டை ஷோகேஸில் மாட்டி வைத்தால் மாட்டிக்கொள்பவர் அவர் அல்ல, நாம்.

நான் அவரிடம் சரக்கு எடுக்கவில்லை. ஆய்வுக்கூட அறிக்கையும், உரிம நம்பர் போட்ட பில்லும், விற்காத சரக்கைத் திருப்பி எடுக்கும் எழுத்தும் கேட்டேன். அடுத்த வாரம் கொண்டு வருவதாகச் சொன்னார். இன்னும் வரவில்லை.

என் கருத்து

சிலர் கேட்பார்கள். அமெரிக்காவில் கொலராடோவும் வாஷிங்டனும் 2012இல் ஓட்டெடுப்பு நடத்திக் கஞ்சாவைக் கடையில் விற்க வழி செய்தனவே, இங்கும் திறந்துவிட்டு வரி போட்டால் கள்ளச் சரக்கு ஒழியாதா என்று. கமிஷன் சொன்னதும் ஏறக்குறைய அதுதான் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனாலும் நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன். கமிஷன் பார்த்தது வயது வந்தவர்கள் உரிமக் கடையில் எடை போட்டு வாங்கிய காலம். இன்று பொட்டலத்தைக் கைமாற்றுகிறவனும் வாங்குகிறவனும் மீசை முளைக்காத பிள்ளைகள். எனக்குப் பள்ளிக்கூடம் போகும் பேரன் இருக்கிறான். இன்னொரு காரணமும் உண்டு. அரசாங்கம் ஒரு முறை கல்லாவில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மனம் வராது. 2003 முதல் மதுக்கடையை அரசே நடத்துவதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

ஆகவே பூ வேண்டாம். பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் பெட்டிக்கடை வைத்துக்கொண்டு தெரிந்தே இந்தச் சரக்கை விற்கிறவன் நம் சங்கத்தில் இருந்தால், அவனுக்காக ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவனைக் காப்பாற்றப் போனால் நாளைக்கு நிரபராதிக்காக நாம் பேசும்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

நாரும் விதையும் வேறு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்ததிலிருந்து பைக்கும் கயிற்றுக்கும் நாம் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். இந்த நார் வரட்டும், ஆனால் எழுத்து மூலமான விதியோடு வரட்டும். நம் மாநில அரசு, எது கூடும், எது கூடாது என்று கடைக்காரருக்குப் புரியும் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கட்டும். அதுவரை மார்ஜினைப் பார்த்து மூட்டை மூட்டையாக இறக்காதீர்கள். கென்டக்கி விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியது இரண்டு. முதலாவது, கடைக்குச் சீல் வைக்கும் முன் கடைக்காரரின் பக்கத்தையும் ஒரு மணி நேரம் கேட்க வேண்டும். அக்கம்பக்கத்துக் கேமராப் பதிவை அன்றைக்கே பார்க்க வேண்டும். 23 நாள் கழித்துப் பார்த்த அதே படம் முதல் நாளும் அங்கேதான் இருந்தது. இரண்டாவது, சீல் வைத்தே தீர வேண்டுமானால் அழுகும் சரக்கை எடுத்துக்கொள்ள வீட்டாருக்கு அனுமதி வேண்டும். தக்காளி எந்தக் குற்றமும் செய்யவில்லை. வரும் மே 5 வணிகர் தின மாநாட்டுத் தீர்மானங்களில் இவை இரண்டும் இடம்பெற வேண்டும் என்று சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. அடுத்தவர் பை, பெட்டி, பார்சல் எதையும் கடையில் வைக்க விடாதீர்கள். தெரிந்தவர் என்றாலும் திறந்து பார்த்துவிட்டு வையுங்கள். முகம் கோணினால் கோணட்டும். பில்லும் லாரி ரசீதும் இல்லாத சிப்பத்தை இறக்காதீர்கள். மூட்டை எண்ணிக்கை ரசீதோடு ஒத்துப்போகாவிட்டால் டிரைவர் முன்னாலேயே எழுதி வாங்குங்கள். குடோனை உள்வாடகைக்கு விட்டால் என்ன சரக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, மாதம் ஒரு முறை கதவைத் திறந்து பாருங்கள். வாசலுக்கும் கல்லாவுக்கும் ஒரு கேமரா. அதன் விலை இரண்டு மூட்டை துவரம்பருப்புக்குள் அடங்கிவிடும்.

அண்ணாச்சி, கொஞ்சம் பார்த்துக்குங்க என்றால் சரி என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். சாவியும் குழந்தையும்கூட நம்மை நம்பி விட்டுப் போவார்கள். சிறு கடைக்கு உள்ள மரியாதையே அதுதான். அதைக் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சட்டத்துக்கு அந்தப் பழக்கம் தெரியாது. அது கேட்பது ஒரே கேள்வி, சரக்கு யார் இடத்தில் இருந்தது?

அந்தச் சில்லறைக் கடைக்காரர் மறுபடி கடை திறந்துவிட்டார். பாதி வாடிக்கை போய்விட்டது. போன வாரம் சரக்கு எடுக்க வந்தபோது, பழைய பாக்கியில் முதல் தவணையைக் கட்டினார். நான் வேண்டாம் என்றேன், அவர் கேட்கவில்லை. கிளம்பும்போது என் குடோன் மூலையில் யாரோ வைத்துவிட்டுப் போன ஒரு துணிப்பையைப் பார்த்துவிட்டு நின்றார். "இது யாருது அண்ணாச்சி?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து திறந்து பார்த்தோம். சுமை தூக்கும் தம்பியின் சாப்பாட்டுத் தூக்கு. இருவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் திறந்து பார்த்தோம் அல்லவா, அதைத்தான் உங்களையும் செய்யச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பீர்க்கன்கரணை மொத்த வியாபாரி ஒருவர்